நெஞ்சுச் சளிக்குள் கோரம் சேர்க்கும் கிருமிகள்

(நமது அறக்கட்டளையின் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)





முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நோட்டீஸில் என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுவிட்டார்கள். நான் டாக்டர் இல்லை. சேலத்தில் ஒரு பரிசோதனை நிலையத்தில் 31 வருஷம் வேலை பார்த்தவன். ரத்தம், சிறுநீர், சளி, சீழ் என்று நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கொடுத்துவிட்டுப் போகிறதையெல்லாம் வாங்கி, அதில் என்ன கிருமி இருக்கிறது என்று வளர்த்துப் பார்த்து எழுதிக் கொடுப்பது என் தொழில். ஆகவே மருந்து எழுதிக் கேட்காதீர்கள். கிருமியைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்.

இன்றைக்கு ஒரு பிள்ளையின் சளியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அந்தக் குடும்பத்திடம் கேட்டு, அவர்கள் சொல்லச் சொன்ன பிறகுதான் பேசுகிறேன். பெயர், தெரு எதுவும் சொல்ல மாட்டேன். தெரிந்தவர்கள் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம்.

பத்தொன்பது வருஷம் முந்தி. பையனுக்கு ஆறு வயது. அத்தா நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் பெயின்டர். அம்மா அவருக்கு அத்தை மகள்தான். பையன் பிறந்ததிலிருந்தே இருமல், சளி. சாப்பிடுவான், நன்றாகவே சாப்பிடுவான், ஆனால் உடம்பில் ஒட்டாது. கை கால் குச்சி, வயிறு மட்டும் உப்பல். மலம் எண்ணெய் மாதிரி மிதக்கும், நாற்றம் தாங்காது. ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’ என்று சொல்லி ஆறு மாதம் டிபி மாத்திரை கொடுத்தார்கள். நிற்கவில்லை. இன்னொரு இடத்தில் மறுபடியும் டிபி மாத்திரை. நடுவில் ஆஸ்துமா என்று ஒருவர் பஃப் கொடுத்தார். அந்த அம்மா என்னிடம் பிற்பாடு சொன்ன ஒரு விஷயம் எனக்கு மறக்கவில்லை. பையன் கறுப்புத் தொப்பி போட்டுக்கொண்டு ஜும்ஆவுக்குப் போய்விட்டு வந்து கழற்றினால், தொப்பியின் விளிம்பெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்குமாம். முத்தம் கொடுத்தால் உதடு கரிக்குமாம். “வெயில்தானே பாய், சேலத்து வெயிலுக்கு எல்லாப் பிள்ளைக்கும் வேர்க்கும்தானே என்று விட்டுவிட்டேன்” என்றார்.

அந்தப் பையனின் சளி முதல் தடவை என் மேசைக்கு வந்தது. வளர்த்தேன். அடுத்த நாள் காலையில் மூடியைத் திறந்தால் தட்டு பச்சையாக இருந்தது. திராட்சைப் பழ வாசனை. எங்கள் தொழிலில் இந்த வாசனையை வைத்தே சொல்லிவிடுவோம்: சூடோமோனாஸ். எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து இரண்டாவது தடவை, அதே பச்சை. ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து மூன்றாவது தடவை வந்தபோது தட்டில் வேறு மாதிரி இருந்தது. புள்ளி புள்ளியாக இல்லாமல், முட்டையின் வெள்ளைக்கருவை ஊற்றினாற்போல் கொழகொழவென்று ஓடியிருந்தது. என் கூட வேலை பார்த்த பையனைக் கூப்பிட்டு, “பாருடா, எப்படி வளர்ந்திருக்கிறது” என்று காட்டினேன். பிறகு உட்கார்ந்து அதே ரிப்போர்ட்டை எழுதினேன். சூடோமோனாஸ், இந்த இந்த மருந்துக்குக் கேட்கும். முடிந்தது.

நான் படித்த புத்தகத்தில் ஒரு வரி இருந்தது. சின்னப் பிள்ளையின் சளியில் கொழகொழப்பான சூடோமோனாஸ் வளர்ந்தால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நோயை நினைக்க வேண்டும் என்று. பரீட்சைக்கு அதை எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அது வெள்ளைக்காரப் பிள்ளைகளின் நோய் என்று எங்களுக்கெல்லாம் ஒரு நினைப்பு. டாக்டருக்கு ஒரு போன் போட்டு, சார், இந்தத் தட்டைக் கொஞ்சம் யோசியுங்கள் என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒரு ரூபாய்தான் செலவு. போடவில்லை. அதனால்தான் இன்றைக்கு இந்த மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்றால் என்ன? நம் உடம்பில் பல இடங்களில் அணுக்களின் சுவரில் உப்பு போய்வர ஒரு வாசல் உண்டு. அந்த வாசலைக் கட்டும் மரபணு ஏழாவது குரோமோசோமில் இருக்கிறது. 1989ல் கனடாவிலும் அமெரிக்காவிலும் இருந்த விஞ்ஞானிகள் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். அத்தாவிடமிருந்து வருகிற பிரதி, அம்மாவிடமிருந்து வருகிற பிரதி, இரண்டும் பழுதாக இருந்தால் வாசல் திறக்காது. உப்பு போகாத இடத்துக்குத் தண்ணீரும் போகாது. அதனால் நெஞ்சுக்குள் சளி பசை மாதிரி கெட்டியாகிறது. கணையத்திலிருந்து செரிமானச் சாறு வருகிற குழாய் அடைத்துக்கொள்கிறது. கொழுப்பு செரிக்காமல் எண்ணெயாகப் போகிறது. வியர்வையில் மட்டும் இதற்கு நேர்மாறு. திரும்ப உறிஞ்சப்பட வேண்டிய உப்பு உறிஞ்சப்படாமல் வெளியே கொட்டுகிறது. 1948ல் நியூயார்க்கில் அடித்த ஒரு கடும் வெயிலில்தான், இந்த நோய் உள்ள பிள்ளைகள் மட்டும் அதிகம் சுருண்டு விழுகிறார்கள் என்று ஒரு டாக்டர் கவனித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் வியர்வைப் பரிசோதனை. நம் சமவெளியில் பங்குனி, சித்திரையில் அந்த நியூயார்க் வெயில் தினமும் அடிக்கிறது. நாம் கவனிக்கவில்லை.

இந்தியாவில் இந்த நோய் உண்டு என்று 1968லேயே டாக்டர்கள் எழுதிவிட்டார்கள். அரிதுதான். ஆனால் தேடாததால் இன்னும் அரிதாகத் தெரிகிறது.

சரி, கிருமிக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்த இடம் அதுதான்.

நம் ஜமாஅத்தின் பொதுக்குழு எப்படி நடக்கிறது? செயலாளர் வந்து உட்காருவார். பதினைந்து பேர் இருப்பார்கள். கோரம் இல்லை, காத்திருப்போம் என்பார். டீ வரும். இன்னும் நாலு பேர் வருவார்கள். தலையை எண்ணுவார். கோரம் சேர்ந்ததும்தான் தீர்மானம் போட முடியும். அதுவரை என்ன பேசினாலும் அது வெறும் பேச்சு. இதைக் கிருமிகளும் செய்கின்றன என்றால் நம்புவீர்களா? நானும் முதலில் நம்பவில்லை.

1970ல் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் என்று மூன்று பேர், கடலில் இருக்கும் ஒளிரும் பாக்டீரியா ஒன்றை வளர்த்துப் பார்த்தார்கள். குடுவையில் கொஞ்சமாக இருக்கும்போது அது ஒளிரவே இல்லை. எண்ணிக்கை பெருகி ஓர் அளவைத் தாண்டியதும் ஒளிர ஆரம்பித்தது. ஒவ்வொரு கிருமியும் ஒரு சிறிய ரசாயனத்தை வெளியே விடுகிறது. கூட்டம் குறைவாக இருந்தால் அது கரைந்து போய்விடும். கூட்டம் கூடக்கூட ரசாயனமும் சேர்ந்து, ஓர் அளவுக்கு மேல் போனதும் கிருமிகளுக்குள்ளேயே திரும்பிப் போய் ஒரு சுவிட்சைப் போடுகிறது. 1994ல் இதற்குப் பெயர் வைத்தவர்கள், கூட்டத்துக்குச் சொல்கிற அதே கோரம் என்ற சொல்லைத்தான் எடுத்து வைத்தார்கள். கோரம் உணர்தல். தலையை எண்ணுவதற்குப் பதிலாக ரசாயனத்தை ருசி பார்க்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கடல்பாக்டீரியா ஒளிர்வதற்குச் செய்வதை, சூடோமோனாஸ் நம்மைத் தாக்குவதற்குச் செய்கிறது. 1991ல் ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் பார்பரா இக்லூஸ்கியின் ஆய்வகம் அந்த சுவிட்சைக் கண்டுபிடித்தது. லாஸ்-ஆர் என்று பெயர். தனியாக நாலு கிருமி இருந்துகொண்டு விஷத்தை விட்டால் என்ன ஆகும்? நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் வந்து விழுங்கிவிடும். ஆகவே கும்பல் சேரும் வரை சத்தம் போடாமல் இருக்கிறது. கோரம் சேர்ந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் ஆயுதத்தை எடுக்கின்றன. நுரையீரலின் நாரை அறுக்கும் நொதி, வெள்ளை அணுவையே உடைக்கும் சோப்பு மாதிரியான பொருள், அப்புறம் அந்தப் பச்சை நிறம். நான் 31 வருஷம் அழகு என்று பார்த்த அந்தப் பச்சையும் ஒரு விஷம். அதுவும் கோரம் சேர்ந்த பிறகு வருவது. தட்டு பச்சையாகிவிட்டது என்றால் தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று அர்த்தம்.

இன்னொரு வேலையும் செய்கின்றன. வீடு கட்டுகின்றன. பள்ளிவாசலில் ஒளு செய்யும் ஹவுளைக் கழுவியவர்கள் இங்கே இருப்பீர்கள். சுவரில் வழுக்கும் பாசி மாதிரி ஒரு படலம் இருக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டால் மேலே போகும், நாலு நாளில் மறுபடி வழுக்கும். தேய்த்து உரித்தால்தான் போகும். அதே மாதிரி ஒரு படலத்தைச் சூடோமோனாஸ் நெஞ்சுச் சளிக்குள் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்துவிடுகிறது. உயிரிப்படலம் என்கிறார்கள். தனியாக நீந்துகிற கிருமியைக் கொல்கிற மருந்தைப் போல நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு கொடுத்தாலும் உள்ளே இருப்பது சாவதில்லை. படலம் ஒழுங்காக எழும்புவதற்கும் இந்த ரசாயனப் பேச்சு வேண்டும் என்று 1998ல் காட்டினார்கள். 2000ஆம் ஆண்டில் அயோவா பல்கலைக்கழகத்தில் பிரதீப் சிங் என்பவரும் மற்றவர்களும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் சளியையே எடுத்து அளந்தார்கள். இரண்டு விதமான சமிக்ஞை ரசாயனம் உண்டு. நீந்தும் கிருமியில் ஒன்று அதிகம், படலத்துக் கிருமியில் மற்றது அதிகம். சளியில் இருந்த விகிதம் படலத்து விகிதமாக இருந்தது. அதாவது நெஞ்சுக்குள் வீடு கட்டிவிட்டது என்று கிருமிகளின் பேச்சை ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

இங்கே என் தொழிலின் ஓர் ஓட்டையைச் சொல்ல வேண்டும். இந்த மருந்துக்குக் கேட்கும், இதற்குக் கேட்காது என்று நாங்கள் எழுதித் தருகிறோமே, அது எப்படி? தட்டில் கிருமியைத் தடவி, மருந்து தோய்த்த வட்டத்தாளை வைப்போம். சுற்றிலும் தெளிவான வளையம் வந்தால் கேட்கும் என்று எழுதுவோம். ஆனால் தட்டில் தடவியது வீட்டை விட்டு வெளியே வந்த கிருமி. படலத்துக்குள் இருக்கிற கிருமியை அந்த வட்டத்தாள் பார்க்கவே இல்லை. அந்தப் பையனுக்கு நான் ‘கேட்கும்’ என்று எழுதிய மருந்தை ஒழுங்காகக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் நன்றாக இருப்பான். மறுபடி வரும். ரிப்போர்ட் பொய் இல்லை. ஆனால் ரிப்போர்ட் பார்த்த கிருமி வேறு, நெஞ்சில் இருந்த கிருமி வேறு.

கொழகொழப்பு என்று சொன்னேனே, அது வருஷக்கணக்கில் உள்ளே குடியிருந்த கிருமி போட்டுக்கொள்கிற போர்வை. அது வருவதற்கு முன்னால், முதல் தடவை பச்சை வளர்ந்தபோதே தெரிந்திருந்தால் துரத்தியிருக்கலாம். இது என் யூகம் இல்லை. டென்மார்க்கில் கோபன்ஹேகனில் நீல்ஸ் ஹோய்பி என்ற கிருமியியல் டாக்டரும் அவருடன் இருந்தவர்களும், இந்த நோய் உள்ள பிள்ளைகளை மாதாமாதம் வரவழைத்துச் சளி எடுத்துப் பார்த்தார்கள். இருமல் அதிகமாகட்டும் என்று காத்திருக்கவில்லை. சூடோமோனாஸ் முதல் தடவை தலைகாட்டியதும் புகையாக இழுக்கும் மருந்தும் வாய்வழி மருந்தும் சேர்த்துக் கொடுத்தார்கள். கோரம் சேருவதற்கு முன் கூட்டத்தைக் கலைப்பது. பல பிள்ளைகளுக்குக் கிருமி நிரந்தரமாகக் குடியேறுவதை வருஷக்கணக்கில் தள்ளிப்போட முடிந்தது. இன்றைக்கு உலகம் முழுதும் அதுதான் வழக்கம்.

அந்தப் பையனை ஏழரை வயதில் ஒரு குழந்தை டாக்டர் வேலூருக்கு அனுப்பினார். சேலத்திலிருந்து ரயிலில் காட்பாடி. சி.எம்.சி.யில் வியர்வைப் பரிசோதனை. கையில் ஒரு மருந்தைத் தடவி மெல்லிய மின்சாரம் கொடுத்து வேர்க்கவைத்து, அந்த வேர்வையில் குளோரைடை அளப்பார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. 60க்கு மேல் போனால் நோய் என்று கணக்கு. அவனுக்கு நூறைத் தாண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் எல்லா மருந்தும் ஒழுங்காக ஆரம்பித்தது. பதினோரு வயதில் மவுத்தானான். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

(சிறிது நேரம் பேச்சு நின்றது.)

பூண்டைப் பற்றிக் கேட்பீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். எந்த மேடையில் கிருமியைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் ஒரு நன்னிமா பூண்டுப் பால் என்பார். நன்னிமா சொன்னதில் விஷயம் இருக்கிறது. பூண்டுச் சாறு சூடோமோனாஸின் கோரப் பேச்சைக் குழப்புகிறது என்று டென்மார்க் ஆய்வகத்திலேயே பார்த்தார்கள். எலியில் பலன் தெரிந்தது. பிறகு இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் இந்த நோயாளிகளுக்கே பூண்டு எண்ணெய்க் குளிகை கொடுத்து எட்டு வாரம் பார்த்தார்கள். 2010ல் முடிவு வந்தது. சிறிய ஆய்வுதான். வெற்றுக் குளிகை சாப்பிட்டவர்களைவிடக் குறிப்பிடும்படி நன்மை எதுவும் தெரியவில்லை. ஆகவே பூண்டைக் குழம்பில் போட்டுச் சாப்பிடுங்கள், மருந்தை நிறுத்திவிட்டுப் பூண்டைக் கொடுக்காதீர்கள்.

நம் பக்கத்திலும் இந்த ஆராய்ச்சி நடக்கிறது, பெருமையாகச் சொல்ல வேண்டும். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கருத்தபாண்டியன் குழுவினர், பாக் விரிகுடாவில் எடுத்த கடல்பாக்டீரியாக்கள் விடுகிற பொருட்கள் சூடோமோனாஸின் படலத்தைத் தடுக்கின்றனவா என்று பார்த்து 2010 வாக்கிலேயே எழுதியிருக்கிறார்கள். தஞ்சாவூர் சாஸ்த்ராவிலும் கோரம் உணர்தலுக்கென்றே ஓர் ஆய்வகம் இருக்கிறது. ஆனால் குடுவையில் வேலை செய்வதற்கும் பிள்ளையின் நெஞ்சில் வேலை செய்வதற்கும் நடுவில் பெரிய தூரம். ஏன் என்று ஓர் உதாரணம். சியாட்டிலில் ஒரே பிள்ளையிடம் ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போதும் எட்டு வயதிலும் எடுத்த சூடோமோனாஸை ஒப்பிட்டு 2006ல் வெளியிட்டார்கள். ஒரே கிருமியின் வம்சம்தான், ஆனால் 68 மாற்றங்கள். மற்ற நோயாளிகளின் கிருமிகளையும் பார்த்தபோது, அடிக்கடி பழுதாகியிருந்த மரபணுக்களில் அந்த லாஸ்-ஆர் சுவிட்சும் ஒன்று. பெரிய சுவிட்சைக் கழற்றிப் போட்டுவிட்டு, சில கிருமிகள் இரண்டாவது சுவிட்சை வைத்துக் காரியம் பார்க்கின்றன. தலைவர் வராவிட்டால் துணைத்தலைவரை வைத்துக் கூட்டம் நடத்துவதைப் போல. முதல் சுவிட்சை மட்டும் அடைக்கிற மருந்தைக் கண்டுபிடித்து என்ன பயன்?

இதில் ஓரளவு கைகொடுத்த மருந்து உங்கள் எல்லார் வீட்டிலும் வந்து போயிருக்கும். அசித்ரோமைசின். ஜலதோஷத்துக்குக்கூட மெடிக்கல் ஷாப்பில் மூன்று மாத்திரை வாங்கிப் போடுகிறீர்களே, அதேதான். அது சூடோமோனாஸைக் கொல்லாது. நான் தட்டில் வைத்தால் வளையமே வராது. ஆனால் குறைந்த அளவில் நீண்ட நாள் இருந்தால் கோரப் பேச்சையும் படலத்தையும் தளர்த்துகிறது, நெஞ்சின் அழற்சியையும் குறைக்கிறது. 2003ல் அமெரிக்காவில் 185 நோயாளிகளிடம் வாரம் மூன்று நாள் வீதம் கொடுத்துப் பார்த்ததில் நுரையீரலின் மூச்சளவு கூடியது. இதைக் கேட்டுவிட்டு யாரும் தானாக ஆரம்பிக்கக் கூடாது. டிபியின் உறவுக்காரக் கிருமிகள் சில உண்டு, அவை நெஞ்சில் இருக்கும்போது இதைத் தனியாகக் கொடுத்தால் அவை மருந்துக்கு மசியாமல் போய்விடும். இதயத் துடிப்பு, காது இரண்டையும் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

கோலிஸ்டின் என்று ஒரு மருந்து உண்டு. மற்றவை கைவிட்ட பிறகு சூடோமோனாஸுக்கு மிஞ்சியிருப்பது. இந்தப் பிள்ளைகள் அதைப் புகையாக இழுக்கிறார்கள். அதே மருந்தைக் கோழிகள் சீக்கிரம் பெருக்கத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில் மத்திய அரசு அதைத் தடை செய்தது. நாமக்கல்லில் பண்ணை வைத்திருக்கும் சகோதரர்கள், தீவனம் சப்ளை செய்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். தடை எதற்கு என்று யாராவது கேட்டால் இந்தப் பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பழுதான அந்த உப்பு வாசலையே திறந்துவிடுகிற புது மாத்திரைகள் வெளிநாட்டில் வந்துவிட்டன. 2019ல் அமெரிக்காவில் வந்த மூன்று மருந்துக் கூட்டு மாத்திரைக்கு அங்கே ஒரு வருஷத்து விலை மூன்று லட்சம் டாலருக்கு மேல். எல்லா வகைப் பழுதுக்கும் அது கேட்காது. நம் நாட்டுப் பிள்ளைகளில் அது கேட்கிற வகைப் பழுது வெள்ளையரைவிடக் குறைவு. நம் கைக்கு எட்டுவது பழைய வழிதான்: செரிமானக் குளிகை, உப்புத் தண்ணீர் புகை, நெஞ்சைத் தட்டிச் சளி எடுப்பது, நல்ல கொழுப்புச் சாப்பாடு, மாதாமாதம் சளிப் பரிசோதனை. பழையது என்று அலட்சியமாக நினைக்காதீர்கள். படலத்தைத் தேய்த்து உரிப்பது என்று சொன்னேனே, நெஞ்சைத் தட்டுவது அதுதான். காலையும் மாலையும் இருபது நிமிஷம், பிள்ளை அழுதாலும்.

அந்தப் பையனுக்கு ஒரு தங்கை உண்டு. அவனுக்கு நோய் என்று தெரிந்த பிறகு பிறந்தவள். பிறந்து சில வாரத்திலேயே வேலூருக்குக் கொண்டு போனார்கள். அவளுக்கும் இருந்தது. நாலு வயதில் முதல் சூடோமோனாஸ் வந்தது, துரத்தினார்கள். பத்து வயதில் மறுபடி வந்தது, மறுபடி துரத்தினார்கள். இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். அவள் சளியை நான் ஓய்வு பெறும் வரை நானேதான் போட்டுப் பார்த்தேன். பச்சை இல்லாத தட்டைப் பார்த்துவிட்டு அவள் அத்தாவுக்குப் போன் போடுவேன்.

இனி நேராக விஷயத்துக்கு வருகிறேன். முதலாவது, கல்யாணம். சொந்தத்தில் கொடுப்பதைப் பற்றி மார்க்கம் பேச நான் வரவில்லை, அது ஹஜ்ரத் அவர்களின் இடம். இது முஸ்லிம்களின் வழக்கம் மட்டுமும் இல்லை. தமிழ்நாட்டில் எல்லாச் சமூகத்திலும் மாமன் மகள், அத்தை மகன் என்றுதான் பாதிக் கதை. நான் சொல்வது கணக்கு. கணவன் மனைவி இருவரிடமும் ஒவ்வொரு பழுதான பிரதி இருந்தால் அவர்களுக்கு ஒன்றும் தெரியாது, ஆரோக்கியமாக இருப்பார்கள். ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு பிள்ளைக்கு நோய் வர வாய்ப்பு. ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது என்று எண்ணாதீர்கள். சீட்டு ஒவ்வொரு தடவையும் புதிதாகக் குலுக்கப்படுகிறது. ஒரே நன்னாவின் பேரப்பிள்ளைகள் கட்டிக்கொள்ளும்போது இருவரிடமும் அதே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. குடும்பத்தில் இந்த நோய் ஏற்கெனவே ஒரு பிள்ளைக்கு இருந்தால், அந்தக் குடும்பத்துக்குள் அடுத்த நிக்காஹ் பேசும் முன்பு மரபணு ஆலோசனை கேளுங்கள். அந்த அம்மாவைப் பழிக்காதீர்கள். பிரதி ஒன்று அத்தாவிடமிருந்தும் வந்தது.

நெபுலைசர். நம் அறக்கட்டளை மூன்று மெஷின் வாங்கி வைத்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதன் குப்பியும் குழாயும் ஒரு பிள்ளையிடமிருந்து இன்னொரு பிள்ளைக்குப் போகக் கூடாது. சூடோமோனாஸுக்குப் பிடித்த இடமே ஈரம். மருந்து போட்டு முடித்ததும் சோப்புத் தண்ணீரில் கழுவி, தினமும் ஒரு தடவை கொதிக்கவைத்து, முழுக்கக் காயவைத்துத்தான் மறுபடி எடுக்க வேண்டும்.

போன மாதம் கமிட்டியில் ஒரு சகோதரர் நல்ல எண்ணத்தோடு சொன்னார்: இந்த நோய் உள்ள பிள்ளைகளையெல்லாம் சுற்றுவட்டாரத்திலிருந்து கூட்டி ஒரு நாள் முகாம் போடுவோம், பிரியாணி போடுவோம் என்று. நான்தான் வேண்டாம் என்றேன். அவருக்கு வருத்தம். காரணம் இதுதான். ஒரு பிள்ளையின் நெஞ்சில் வருஷக்கணக்கில் பழகிய கிருமி இன்னொரு பிள்ளைக்குத் தொற்றும். நமக்கு வராது, அவர்களுக்குள் வரும். வெளிநாட்டில் இந்த நோய் உள்ள இருவர் ஆறு அடிக்குள் நிற்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் அதிகம் புரிந்துகொள்ளக் கூடிய பிள்ளைகள், ஒரே அறையில் உட்கார முடியாது. போனில் பேசிக்கொள்ளட்டும். முகாமுக்குச் செலவாகும் பணத்தைச் செரிமானக் குளிகைக்குக் கொடுத்துவிடுவோம் என்று கமிட்டி முடிவு செய்தது. அந்தத் தீர்மானத்துக்குக் கோரம் இருந்தது.

ரமலான் பற்றி ஒரு தாய் துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். இந்தப் பிள்ளைகளுக்கு உப்பும் தண்ணீரும் வெயிலில் கட கடவென்று இறங்கிவிடும். கைக்குழந்தையாக இருந்தால் ஒரே நாளில் துவண்டுவிடும். நோயாளிக்கு உள்ள சலுகையை ஹஜ்ரத் விளக்குவார்கள். மருத்துவப் பக்கத்திலிருந்து நான் சொல்வது, வெயில் காலத்தில் டாக்டர் சொன்ன உப்பையும் தண்ணீரையும் ஒரு வேளைகூட விடாதீர்கள்.

எந்தப் பிள்ளையைச் சந்தேகிப்பது என்று கேட்டார்கள். பிறந்து முதல் மலம் போகாமல் குடல் அடைத்து ஆபரேஷன் ஆன குழந்தை. விடாத இருமலும் திரும்பத் திரும்ப நிமோனியாவும் உள்ள பிள்ளை. நன்றாகச் சாப்பிட்டும் எடை ஏறாத, எண்ணெயாக மலம் போகிற பிள்ளை. வேர்வை உப்பாகப் பூக்கிற பிள்ளை. சளியில் சூடோமோனாஸ் வளர்ந்த பிள்ளை. கிருமி கண்ணில் படாமலே இரண்டாவது தடவை டிபி மருந்து ஆரம்பிக்கச் சொல்லப்பட்ட பிள்ளை. டிபி மருந்தைத் தானாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் வியர்வைப் பரிசோதனை தேவையா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முதலில் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவுக்குப் போய் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வேலூருக்குப் போகிறவர்களுக்கு ரயில் செலவையும் ஓர் இரவு தங்கும் செலவையும் அறக்கட்டளை பார்க்கும் என்று செயலாளர் என் காதில் சொல்கிறார்.

பழைய சளி ரிப்போர்ட் வீட்டில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். அதில் சூடோமோனாஸ் என்று எழுதியிருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்தில் இருப்பேன். என் கையெழுத்து உள்ள ரிப்போர்ட்டாக இருந்தால் கட்டாயம் கொண்டு வாருங்கள்.